ஏட்டில் நின்ற பெயர்கள்



பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஸ்கொட்லாந்துக் குடும்பத்தை அந்த நாட்டின் பங்குக் கோயில் பதிவேடுகளிலும் குடிசன மதிப்பு ஏடுகளிலும் எப்படித் தேடிப் பிடிப்பது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். திருகோணமலையில் கூடியிருக்கும் நமக்கு ஸ்கொட்லாந்துக்காரன் குடும்பத்தைப் பற்றி என்ன கவலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, அவர்கள் இங்கே வந்தார்கள். நம் கோட்டையில் காவல் நின்றார்கள், நம் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள், நம் மண்ணிலே புதைக்கப்பட்டார்கள். ஆகவே அவர்களுடைய குடும்பக் கதையில் ஓர் அத்தியாயம் திருமலையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது, அவர்களைத் தேடப் புறப்படுகிறவன் கடைசியில் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேருகிறான். என் பாட்டனார் யார், பாட்டியார் யார், அவர்கள் எந்த ஏட்டில் இருக்கிறார்கள் என்று கேட்காமல் அவனால் இருக்க முடியாது.

இந்தப் பேச்சு முழுவதற்கும் கருத்து ஒன்றே. தொகையாக எண்ணப்பட்ட மனிதன் காணாமல் போகிறான். பெயரோடு எழுதப்பட்ட மனிதன் இருநூறு ஆண்டு கழிந்தாலும் கிடைக்கிறான்.

முதலில் நம் துறைமுகத்திலிருந்தே தொடங்குவோம். 1795 ஆகஸ்ட் மாதம். கடலிலே கொமடோர் ரெய்னியரின் கப்பல்கள். கரையிலே கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் படை. சில வாரங்களில் ஒல்லாந்தர் கோட்டையைக் கையளித்தார்கள். 1803ஆம் ஆண்டிலே அதற்கு யோர்க் கோமகன் பிரட்ரிக்கின் பெயர் வைக்கப்பட்டது. இன்று கோணேசர் கோயிலுக்குப் போகிற நாம் அந்தக் கோட்டை வாசலைக் கடந்துதான் போகிறோம். அந்த 1795ஆம் ஆண்டுப் படையிலே 72வது ஹைலண்டர் படைப்பிரிவு இருந்தது. யார் அவர்கள்? ஸ்கொட்லாந்தின் வடக்கிலே, ரொஸ்ஷயர் மலைகளிலிருந்தும் லூயிஸ் தீவிலிருந்தும் வந்த பிள்ளைகள் அவர்களில் பலர். அந்தப் படைப்பிரிவை 1778இல் திரட்டியவர் சீஃபோர்த் பிரபுவான கென்னத் மக்கென்சி. அப்போது அதன் இலக்கம் 78. 1781இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். கென்னத் மக்கென்சி வழியிலேயே இறந்துபோனார். இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஸ்கர்வி நோயால் கடலிலேயே மாண்டார்கள். மிஞ்சியவர்கள் சென்னையிலே கரையிறங்கினார்கள். 1786இல் அந்தப் படையின் இலக்கம் 72 ஆயிற்று.

இந்த மக்கென்சி குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இவர்கள் ஒரு முறை வந்து போனவர்கள் அல்லர். 1793இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மக்கென்சி இன்னொரு படையைத் திரட்டினார். அதற்கும் 78 என்ற இலக்கமே கிடைத்தது. அந்தப் படை 1826 முதல் 1837 வரை இலங்கையிலே இருந்தது. அவருடைய மூத்த மகள் மேரி. 1804இல் பார்படோஸ் தீவிலே அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை கடற்படை அதிகாரி சாமுவேல் ஹூட். ஹூட் பின்னாளில் கீழைக் கடற்படையின் தளபதியாகி, 1814 டிசம்பரில் சென்னையிலே காலமானார். ஹூட் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு நினைவு வரவேண்டுமே! நம் ஒஸ்ரன்பேர்க் முனையிலே கடற்படை நூதனசாலை இருக்கிறதே, ஹூட்ஸ் டவர், அந்தக் கோபுரம் சுமப்பது இவருடைய பெயரைத்தான்.

கதை அதோடு முடிந்ததா? இல்லை. கணவன் இறந்து சில வாரங்களுக்குள், 1815 ஜனவரியில், மேரியின் தந்தையும் இறந்தார். அவருடைய ஆண்பிள்ளைகள் நால்வரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். குடும்பச் சொத்து முழுவதும் விதவை மேரியின் கைக்கு வந்தது. 1817இல் அவர் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் என்பவரை மறுமணம் செய்தார்; கோட்டையைப் பிடித்த கேணல் அல்லர், இவர் வேறொருவர். கணவர் மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டு ஸ்டுவர்ட் மக்கென்சி ஆனார். 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆள்பதி யார்? அதே ஸ்டுவர்ட் மக்கென்சிதான். பாருங்கள், ஒரே குடும்பம்! அவர்கள் திரட்டிய படை கோட்டையைப் பிடித்தது. முதல் மருமகனின் பெயர் கோபுரத்திலே ஏறியது. இரண்டாவது மருமகன் நாட்டையே ஆண்டார்.

இந்தக் குடும்பத்தின் ஏடுகள் எங்கே இருக்கின்றன? ஒரு கல்யாணத்தைத் தேட பார்படோஸ். ஒரு மரணத்தைத் தேட சென்னை. ஓர் ஆட்சிக் காலத்தைத் தேட கொழும்பு. 1862இல் மேரி கண்மூடியதைத் தேட மறுபடியும் ரொஸ்ஷயரின் பிராஹன். ஒரே ஊரில் உட்கார்ந்து இவர்களைத் தேடி முடிக்க இயலாது. துறைமுகத்தோடு தொடர்புள்ள எந்தக் குடும்பத்துக்கும் இதே விதிதான். கப்பல் போன இடமெல்லாம் ஏடும் சிதறும்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். சீஃபோர்த் குடும்பத்தைப் பற்றி அந்த மலைநாட்டிலே ஒரு தீர்க்கதரிசனம் உண்டு. பிராஹனில் வாழ்ந்த ஒரு ஞானி, காது கேளாத ஒரு தலைவனோடு இந்த வம்சத்தின் ஆண்வழி அற்றுப்போகும், அவனுடைய நான்கு மைந்தரும் அவனுக்கு முன்னே மடிவார்கள், கீழ்த்திசையிலிருந்து வெள்ளை முக்காடிட்ட பெண்ணொருத்தி வந்து சொத்தை அடைவாள், அவளாலேயே அவள் தங்கை சாவாள் என்று சொன்னதாகக் கதை. பிரான்சிஸ் மக்கென்சிக்குச் சிறுவயதுக் காய்ச்சலால் செவி போனது உண்மை. மகன்மார் நால்வரும் முன்னே இறந்தது உண்மை. மேரி இந்தியாவிலிருந்து விதவையாக மீண்டது உண்மை. 1823இல் மேரி ஓட்டிச் சென்ற குதிரை வண்டி விபத்துக்குள்ளாகித் தங்கை கரோலின் இறந்ததும் உண்மை. ஆனால் அந்தத் தீர்க்கதரிசனங்கள் முழு நூலாக அச்சேறியது எப்போது? 1877இல். எல்லாம் நடந்து முடிந்த பிறகு! அந்த ஞானி பதினேழாம் நூற்றாண்டிலே வாழ்ந்ததாகக் கதை சொல்கிறது. அவர் பெயரை ஒத்த ஒருவரைப் பிடிக்கச் சொல்லும் அரச ஆணையோ 1577ஆம் ஆண்டுக்குரியது.

இது நமக்குப் புதிதா? நம் கோட்டை வாசல் தூணிலே சிதைந்த எழுத்துகளோடு ஒரு கல்வெட்டு நிற்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி வந்து அழிப்பான் என்ற முன்னறிவிப்பு அது என்று நம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததும், அந்தக் கல்லிலேயே கோட்டை எழுப்பியதும் வரலாறு. ஆகவே நான் சொல்லுவேன்: கதையைத் தள்ளாதீர்கள். ஒரு குடும்பம், ஓர் ஊர், எதை நினைத்து அழுதது என்பதைக் கதைதான் காட்டும். ஆனால் அது எப்போது நடந்தது, யாருக்கு நடந்தது என்பதை ஏட்டிடம் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் கேட்கிறவனே குடும்ப வரலாறு எழுதத் தகுந்தவன்.

சரி, பிரபுக்களின் கதை போகட்டும். அவர்களுக்குக் கோபுரம் உண்டு, ஓவியம் உண்டு, கடிதக்கட்டு உண்டு. 78வது படையிலே மாதச் சம்பளத்துக்கு வந்த சிப்பாய்க்கு என்ன உண்டு? லூயிஸ் தீவிலே கடலோரக் குடிசையிலே பிறந்து, திருகோணமலைக் காய்ச்சலிலோ வாந்திபேதியிலோ விழுந்தவனுக்கு என்ன உண்டு? அவனைத் தேட முடியுமா? முடியும்! எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி கல்லறை. நம் நகரத்திலே பழைய சென் ஸ்டீபன் சேமக்காலை இருக்கிறது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாப் போரின்போது வாந்திபேதியால் இறந்து அங்கேதான் அடக்கமானார். வியாழன் கோளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற மேஜர் மோல்ஸ்வேர்த் 1908இல் அங்கே அடக்கமானார். இப்படிப்பட்ட கல்லறை எழுத்துகளை இலங்கை முழுவதும் திரட்டி, அரச சேவையில் இருந்த ஜோன் பென்றி லூயிஸ் 1913இல் பெரிய நூலாக வெளியிட்டார். உப்புக்காற்று கல்லெழுத்தைத் தின்னும். நூலில் ஏறிய எழுத்தை அது தொட முடியாது.

ஆனால் சாதாரணச் சிப்பாய்க்குக் கல்லும் இல்லை. அப்போது இரண்டாம் படி, படைப்பிரிவின் ஏடு. ஒவ்வொரு படைக்கும் சம்பளப் பட்டியல் உண்டு. மாதம் மாதம் யார் இருந்தான், யார் ஆஸ்பத்திரியில், யார் இறந்தான் என்று அது சொல்லும். இந்தப் பட்டியல்கள் லண்டனின் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓய்வூதியம் பெற்று வீடு திரும்பியவனுடைய விடுவிப்புப் பத்திரத்திலே அவன் பிறந்த பங்கு, செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம் கூட எழுதியிருக்கும். படையினரின் நோயையும் சாவையும் முறையாகக் கணக்கெடுக்கும் வழக்கத்தைப் பிரித்தானிய இராணுவத்திலே நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? கில்சித் என்ற ஊரில் பிறந்த ஸ்கொட்லாந்து வைத்தியர் ஹென்றி மார்ஷல். 1808 முதல் 1821 வரை இலங்கையிலே பணியாற்றியவர்.

மூன்றாம் படி, பிறந்த பங்கின் பதிவேடு. ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பங்குகள் ஞானஸ்நானம், கல்யாண அறிவிப்பு, அடக்கம் ஆகியவற்றை எழுதி வைத்தன. இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது 1553இல் தொடங்குகிறது. ஞானஸ்நானப் பதிவிலே தகப்பன் பெயரோடு தாயின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். அதுவும் அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு! கல்யாணம் செய்தாலும் அந்த நாட்டு ஏடு பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிடுவதில்லை. இதை நினைவில் வையுங்கள். பிறகு திரும்பி வருவேன். பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த முறையும் தேடுகிறவனுக்குத் துணை. மூத்த மகனுக்குத் தகப்பனுடைய தகப்பன் பெயர், அடுத்தவனுக்குத் தாயினுடைய தகப்பன் பெயர் என்பது அவர்களுடைய வழக்கம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு அதை விளக்கவே தேவையில்லை.

நான்காம் படி, குடிசன மதிப்பு. 1841 ஜூன் 6ஆம் திகதி இரவு யார் யார் எந்த வீட்டில் தங்கினார்கள் என்று பெயரோடு எழுதினார்கள். ஆனால் அதிலே ஒரு பொறி உண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தால் வகுபடும் எண்ணுக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள். முப்பத்தொன்பது வயதுக்காரன் அந்த ஏட்டிலே முப்பத்தைந்து! இதை அறியாதவன் பிழையான மனிதனைத் தன் பாட்டன் என்று சொந்தம் கொண்டாடுவான். 1851இலே உறவுமுறையும் பிறந்த பங்கும் சேர்ந்தன. 1861இலே வீட்டில் யன்னலுள்ள அறை எத்தனை என்று கூடக் கேட்டார்கள். ஏழைக் குடும்பத்தின் வாழ்வை அந்த ஒரு கேள்வி எவ்வளவு சொல்லிவிடுகிறது!

ஐந்தாம் படிதான் உச்சம். 1855 ஜனவரி 1ஆம் திகதி ஸ்கொட்லாந்திலே பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு கட்டாயமாயிற்று. அந்த முதல் ஆண்டிலே அவர்கள் கேட்காத கேள்வியே இல்லை. இறந்தவரின் பிள்ளைகள் எல்லோரையும் பிறந்த வரிசையிலே, உயிரோடு இருப்பவரின் வயதோடு, முன்னே இறந்தவர் இறந்த ஆண்டோடு எழுதச் சொன்னார்கள். வேலை கூடிப்போனதால் அடுத்த ஆண்டே அந்த விவரங்களைக் குறைத்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். 1855இலே லூயிஸ் தீவில் ஒரு கிழவி இறக்கிறாள். பதிவுகாரர் பிள்ளைகளைக் கேட்கிறார். இளமையிலே படைக்குப் போய்த் தூரதேசத்திலே மாண்ட மகனின் பெயரையும் வீட்டார் சொல்கிறார்கள். அவனுக்கு இங்கே கல் இல்லை. ஆனால் தாயின் மரணப் பத்திரத்திலே அவன் இருக்கிறான்!

அப்படியானால் ஸ்கொட்லாந்து ஏடுகள் குறையற்றவையா? இல்லவே இல்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி விதித்தார்கள். ஏழைகள் பதியாமலே விட்டார்கள். லூயிஸ் போன்ற தீவுகளின் பல பங்குகளிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பதிவேடே தொடங்குகிறது. 1843இலே திருச்சபை பிளவுபட்டது. நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் பிரிந்து போனார்கள். அவர்களோடு போன மக்களின் பதிவுகளும் வேறு ஏட்டுக்குப் போயின. பல பங்குகளிலே அடக்கப் பதிவே இல்லை. சவப்பெட்டிமேல் போர்த்தும் துணிக்கு வாடகை வாங்கிய கணக்குத்தான் இருக்கும். தேடுகிறவர்கள் அந்தத் துணி வாடகைக் கணக்கிலே தங்கள் மூதாதையின் மரண நாளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். கெயிலிக் மொழி பேசியவனுடைய பெயரை ஆங்கிலம் படித்த எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே மக்கென்சியை நாலு விதமாக எழுத்துக்கூட்டினார்கள். நம் சின்னத்தம்பியைக் கச்சேரி ஆங்கிலத்திலே ஒருவர் ‘சி’ எழுத்திலும் இன்னொருவர் ‘எஸ்’ எழுத்திலும் தொடங்கி எழுதவில்லையா? அதுபோலத்தான்.

அன்பர்களே, இப்போது நம் பக்கம் திரும்புவோம். 1881ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுதான் 72வது படையும் 78வது படையும் சேர்ந்து சீஃபோர்த் ஹைலண்டர் என்ற ஒரே படையாயின. அதே ஆண்டிலே ஸ்கொட்லாந்திலும் குடிசன மதிப்பு நடந்தது, இலங்கையிலும் நடந்தது. இரண்டு நாட்டுக்கும் ஒரே விக்டோரியா மகாராணி. ஸ்கொட்லாந்திலே எழுதப்பட்டது என்ன? வீட்டுக்கு வீடு ஒவ்வொருவரின் பெயர், உறவு, வயது, தொழில், பிறந்த பங்கு, கெயிலிக் பேசுகிறவரா என்ற விவரம். இன்று யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். இலங்கையிலே? நவீன முறையிலான முதற் குடிசன மதிப்பு இங்கே 1871 மார்ச் 27ஆம் திகதி நடந்தது, 1881இலே இரண்டாவது. திருகோணமலை மாவட்டத்திலே அப்போது 22,197 பேர். தமிழர் 14,304, முஸ்லிம்கள் 5,746, சிங்களவர் 935, மற்றையோர் 1,212. கணக்கெடுத்தவர் நம் வீட்டு வாசலுக்கும் வந்தார். ஆனால் அச்சு நூலுக்கு வந்து சேர்ந்தது தொகை மாத்திரமே.

அந்த 14,304 பேரிலே உங்கள் கொப்பாட்டனார் இருந்தார். 5,746 பேரிலே உங்கள் கொப்பாட்டியார் இருந்தார். தம்பலகாமத்திலே வயல் விதைத்தவர், கிண்ணியாவிலே தோணி விட்டவர், மூதூரிலே கடை வைத்தவர், துறைமுகத்திலே கரி சுமந்தவர் எல்லோரும் அந்த எண்ணுக்குள்ளே இருக்கிறார்கள். பெயர் எங்கே?

இன்னும் ஒன்று சொல்கிறேன், மனம் கனக்கும். கம்பெனிக் காலத்து இந்தியப் படைமுகாம்களின் ஞானஸ்நானப் பதிவுகளிலே வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையைப் பதியும்போது தகப்பனின் பெயரை எழுதினார்கள். தாயின் இடத்திலே ‘சுதேசப் பெண்’ என்று எழுதி விட்டுவிட்டதும் உண்டு. தம் ஊரிலே தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கூட விடாத அதே மனிதர்கள், இந்தியாவிலே தாயின் பெயரையே விட்டார்கள். ஆனால் அவர்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்ப முடியுமா? இங்கே இருக்கும் இளைஞர்களைக் கேட்கிறேன். உங்கள் தந்தையின் தாயுடைய தாயின் பெயர் என்ன? எத்தனை பேரால் சொல்ல முடியும்?

எண்ணாக்கி மறைத்த அதே அரசு, ஓர் இடத்திலே பெயர்களைக் காப்பாற்றியும் வைத்தது. அதுவும் ஒரு ஸ்கொட்லாந்துக் குடும்பத்தின் கதைதான். சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1775இலே டம்ஃப்ரீஸ்ஷயரில் பிறந்தவர். தந்தை மதுரையில் வேலை பார்த்ததால் பிள்ளைப் பருவத்தை மதுரையிலே கழித்தார், தமிழ் படித்தார். பின்னாளில் இலங்கையின் பிரதம நீதியரசர். 1816 ஆகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பிறகு அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரப் பிறவிகள் என்று உடைமைக்காரரை இணங்கவைத்தவர் அவர். அதைத் தொடர்ந்து அடிமைகளைப் பதியும் சட்டமும் வந்தது. 1818 முதல் 1832 வரையான இலங்கை அடிமைப் பதிவேடுகள் இன்றும் கியூவிலே இருக்கின்றன. நிலம் இல்லாதவர், உறுதி இல்லாதவர், கல்லறை இல்லாதவர், தன் உடலே தனக்குச் சொந்தமில்லாதவர் ஆகியோர் அங்கே பெயரோடு இருக்கிறார்கள். 1844இலே இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்த மக்களின் வழிவந்தவர் ஒருவர் நாளை தன் குலத்தைத் தேடப் புறப்பட்டால் அந்தப் பதிவேடு அவருக்கு வழிகாட்டும். ஆகவேதான் சொல்கிறேன்: எழுதியவன் எந்த நோக்கத்தோடு எழுதினாலும், எழுதிய பெயர் ஒருநாள் அதற்கு உரியவருக்கே உதவும்.

அப்படியானால் நாம் எங்கே தேடுவது? நம்மிடம் ஏடே இல்லையா? இருக்கிறது. நிறைய இருக்கிறது.

காணியையும் குடும்பத்தையும் பதிந்த ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் உண்டு. கத்தோலிக்கப் பங்குகளிலும், 1814இலே இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனின் சபைகளிலும் ஞானஸ்நான, விவாக ஏடுகள் உண்டு. பள்ளிவாசல்களிலே விவாகங்களைப் பதிந்த கடுத்தப் புத்தகங்கள் உண்டு. பழைய பாடசாலைகளிலே சேர்வு இடாப்புகள் உண்டு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வந்த நாள் எல்லாம் அதிலே இருக்கும். வாக்காளர் இடாப்புகள் உண்டு. பறங்கியர் சமூகத்துக்கு 1908இலே தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையிலே வம்ச வரலாறுகள் உண்டு. பாலையூற்றிலே வாழும் பறங்கியக் குடும்பங்களின் முதியவர்கள் வாயிலே இன்னும் அச்சேறாத வரலாறு உண்டு.

எல்லாவற்றையும்விட, உங்கள் வீட்டுப் பெட்டகத்திலே காணி உறுதி உண்டு! நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆகவே ஸ்கொட்லாந்துக்காரன் மக்கென்சி என்ற ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போவது போல நாம் போக முடியாது. நமக்குக் காணியின் பெயர்தான் கயிறு. பழைய உறுதியை எடுத்துப் படியுங்கள். காணியின் பெயர் இருக்கும். யார் யாருக்குச் சீதனமாகக் கொடுத்தார், யாரிடமிருந்து முதுசமாக வந்தது என்று இருக்கும். கிழக்கே யார் காணி, மேற்கே யார் காணி என்று அயலவர் பெயரும் இருக்கும். சீதன உறுதியிலே உங்கள் பாட்டிமார் முழுப்பெயரோடு நிற்கிறார்கள். ஆங்கில ஏடு விட்ட பெண்ணை நொத்தாரிசின் உறுதி விடவில்லை!

ஆனால் இவையெல்லாம் எத்தனை நாளைக்கு? 1942 ஏப்ரலிலே குண்டு விழுந்து ஊர் கலைந்தது. 1964 டிசம்பரிலே சூறாவளி வந்தது. 1983க்குப் பின்பு எத்தனை வீடுகள் எரிந்தன, எத்தனை பேர் உடுத்த துணியோடு ஓடினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2004இலே கடல் ஏறி வந்தது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் கச்சேரி வாசலிலே நின்ற தாய்மாரை இந்த ஊர் நன்றாக அறியும். ஏடு தொலைந்தவனுக்குக் காணி தொலைகிறது, ஓய்வூதியம் தொலைகிறது, பிள்ளையின் பாடசாலை அனுமதி தொலைகிறது. குடும்ப ஏடு என்பது பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், அந்தத் தாய்மாரிடம் அவரை அனுப்புங்கள்.

ஆகவே இந்த மண்டபத்திலே நான் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, மாணவர்களே, இந்த வாரமே வீட்டில் மூத்தவரிடம் உட்காருங்கள். பெயர், ஊர், யார் பிள்ளை, யாரைக் கல்யாணம் செய்தார் என்று கேட்டு எழுதுங்கள். பாட்டிமாரின் பெயரை முதலில் எழுதுங்கள். சொன்னவர் யார், எழுதிய நாள் எது என்பதையும் கீழே குறியுங்கள். அந்த இரண்டும் இல்லாத குறிப்பை நாளை யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது, குருமாரே, மௌலவிமாரே, அதிபர்களே, உங்கள் பொறுப்பிலுள்ள பழைய ஏடுகளைப் படமெடுத்துப் பிரதி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் அது ஒரே தீயிலே போய்விடும். உயிரோடு இருப்பவரின் விவரத்தை வெளியே விடவேண்டாம். ஸ்கொட்லாந்திலும் குடிசன மதிப்பு ஏட்டை நூறு ஆண்டு பூட்டி வைத்த பிறகே திறக்கிறார்கள். பூட்டி வையுங்கள், ஆனால் வையுங்கள்.

மூன்றாவது, இளைஞர் கழகங்களே, நம் சேமக்காலைகளிலும் மையவாடிகளிலும் உள்ள எழுத்துகளைப் பிரதி செய்யுங்கள். 1913இலே ஒரு வெள்ளைக்கார அதிகாரி தன்னவருக்குச் செய்ததை, எல்லாச் சமயத்தாருக்கும் சேர்த்து நாம் செய்ய முடியாதா?

நான்காவது, பெரியவர்களே, நீங்கள் சொல்லுங்கள். சிறுமை என்று நினைத்து மறைக்காதீர்கள். கூலியாக வந்தவர், அடிமையாக இருந்தவர், சாதி மாறிக் கல்யாணம் செய்தவர், சமயம் மாறியவர், சிப்பாய்க்குப் பிள்ளை பெற்றவர் எல்லோரும் நம் முன்னோர். வெட்கத்தினால் விடுபட்ட பெயர், தீயினால் எரிந்த பெயரைப் போலவே போய்விடும்.

லூயிஸ் தீவின் வழிவந்த ஒருவர் இன்று தன் மூதாதையைத் தேடித் திருகோணமலைக் கோட்டை வரை வர முடிகிறது. ஏனென்றால் அங்கே ஒரு பங்கின் எழுத்தர் எழுதினார், ஒரு பதிவுகாரர் எழுதினார், அவர்களுக்குப் பின்னே வந்தவர்கள் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். பெரிய மன்னர்கள் செய்த வேலை அல்ல அது. மையும் தாளும் பொறுமையும் உள்ள சாதாரண மனிதர்கள் செய்தது. மை நம்மிடம் உண்டு. தாளும் உண்டு. மூத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். 22,197 என்று எண்ணி முடித்த அந்த மக்களைப் பெயர் பெயராக நாம் மீட்டெடுப்போம்.